படம் யாருக்குச் சொந்தம்?

(இராசபாளையத்தில் நடைபெற்ற செயல்வீரர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நேற்று முற்பகல், ஒரு வேலையாகத் திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்திற்குச் சென்றிருந்தேன். தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார், என் தோளில் கிடந்த துண்டின் கரையைக் கண்டு, இவன் கட்சிக்காரன் என்று அறிந்துகொண்டார் போலும். எழுந்து வந்து, தமது கைபேசியை என்னிடம் நீட்டினார். "ஐயா, இதக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

பார்த்தேன். நாற்பது நொடிகள் ஓடும் ஒரு படம். இரவு நேரம், தெருவிளக்கு மங்கலாக எரிகிறது. இளைஞன் ஒருவனை நால்வர் இழுத்துச் செல்கின்றனர். ஒருவர் கையை ஓங்குகிறார். அடி விழுந்ததா என்பது தெரியுமுன் படம் முடிந்துவிடுகிறது. "எம் மகன்" என்றார் அந்தத் தாய். போலீசார் எழுதி வைத்திருப்பதோ, அவனை மறுநாட் காலையில், வேறோர் இடத்தில், தப்பியோட முயன்றபோது கைது செய்ததாக! இடைப்பட்ட ஓர் இரவுக்குக் கணக்கில்லை. அந்த இரவில்தான் அவனுடைய கை முறிந்தது.

எந்த ஊர், எந்தக் காவல் நிலையம் என்று நான் கூறப் போவதில்லை. வழக்கு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அவர் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியம். "இந்தப் படத்தக் காட்டினாப் போதுங்களா ஐயா?"

நான் சில கேள்விகள் கேட்டேன். படம் எடுத்தவன் பக்கத்து வீட்டுப் பையன். இவருக்கு அது வந்ததோ வாட்சாப் வழியாக, மூன்று கை மாறி. எடுத்த கைபேசி எங்கே என்றேன். "அத அவன் வித்துட்டு வேற வாங்கிட்டான்யா" என்றார். காவல் நிலையத்திலும் கேமரா உண்டே, அந்தப் பதிவைக் கேட்டீர்களா என்றேன். எட்டு மாதங்கள் கழித்துக் கேட்டார்களாம். பதிவு இல்லை என்று பதில் வந்ததாம்.

உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை, தோழர்களே. திருவில்லிபுத்தூரிலிருந்து இங்கு வந்து சேரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரும் அதே சிந்தனை. ஆகவே, இன்று வேறு தலைப்பில் பேசுவதாக இருந்தவன், இதைப்பற்றியே பேசுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

நமது மாவட்டத்திற்குப் போலீஸ் வழக்கு புதியதன்று. 1933ஆம் ஆண்டில் விருதுநகர்க் குண்டு வழக்கிலே காமராசரைச் சிக்க வைத்தனர் வெள்ளை ஆட்சியினர். குற்றச்சாட்டு நிற்கவில்லை. அவருக்காக வாதிட ஜார்ஜ் ஜோசப்பும் வரதராசுலு நாயுடுவும் முன்வந்தனர். காமராசருக்கு அத்தகையோர் கிடைத்தனர். நேற்று நான் கண்ட அம்மையாரின் மகனுக்கு யார் கிடைப்பார்? அவனுக்குச் சாட்சி சொல்லக்கூடியவை இரண்டே. ஒன்று, அந்த நாற்பது நொடிப் படம். மற்றொன்று, சர்க்கார் பணத்தில், அதாவது நம் வரிப்பணத்தில் வாங்கிச் சுவரிலே மாட்டிய கேமரா. முன்னதைப் பையன் அறியாமல் தொலைத்தான். பின்னது தொலைந்தது எப்படி?

அதற்கு விடை காண, நமக்கு அடுத்த மாவட்டமாகிய தூத்துக்குடிக்குச் செல்லவேண்டும். சாத்தான்குளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், ஊரடங்குக் காலத்தில் கடையை அதிக நேரம் திறந்து வைத்தார்கள் என்று கூறி, செயராசு என்ற வணிகரையும் அவருடைய மகன் பென்னிக்சையும் போலீசார் கொண்டுசென்றனர். 22ஆம் நாள் இரவு மகன் மாண்டார். 23ஆம் நாள் காலை தந்தை மாண்டார். அவர்கள் தரையிலே உருண்டு புரண்டு தமக்குத் தாமே காயம் ஏற்படுத்திக்கொண்டதாக முதல் தகவல் அறிக்கை கூறிற்று. அந்தக் கடைவீதியில் இருந்த கேமராப் பதிவு வெளியே வந்தபோது, உருளலையும் காணோம், புரளலையும் காணோம்.

அது கடைவீதிக் கேமரா. காவல் நிலையத்துக்குள்ளும் கேமராக்கள் இருந்தனவே, அவை என்ன கூறின? உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையால் அனுப்பப்பட்ட கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன், ஜூன் 28ஆம் நாள் அந்த நிலையத்துக்குச் சென்று பார்த்தார். அவர் அளித்த அறிக்கையை ஒவ்வொரு செயல்வீரரும் படித்திருக்க வேண்டும். 1 டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க் அங்கே இருந்தது. இடமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயினும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துவிடும்படி அந்தக் கருவி அமைத்து வைக்கப்பட்டிருந்தது! கண் திறந்திருந்தது, நினைவை மட்டும் நாள்தோறும் கழுவித் துடைத்தார்கள். 19ஆம் நாள் இரவில் நடந்ததை உலகுக்கு உரைத்தது கருவியன்று. அங்கே பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி என்ற ஒரு பெண்மணியின் வாய். நடுவர் சென்ற இடத்தில் அவரையே ஏளனம் செய்தனர் சிலர். நிலையத்துத் தடயங்களைக் காக்க வருவாய்த்துறை அதிகாரிகளை அங்கே அமர்த்தும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. ஒரு காவல் நிலையத்தைக் காவல் காக்கத் தாசில்தார்கள்! நம் காலத்தில் இதையும் கண்டோம்.

அதே 2020ஆம் ஆண்டு, டிசம்பர் 2ஆம் நாள், உச்சநீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டிலுள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா இருக்கவேண்டும். வாயில், கொட்டடி, தாழ்வாரம், வரவேற்பிடம், ஆய்வாளர் அறை, துணை ஆய்வாளர் அறை, பின்புறம் எதுவும் விடுபடக் கூடாது. இருளிலும் படம் தெரியவேண்டும். படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும். பதிவு 18 மாதங்கள், அதற்கு வழியில்லையெனில் குறைந்தது ஓர் ஆண்டாவது, காக்கப்படவேண்டும் என்று ஆணை கூறிற்று.

கழிவறையின் வெளிப்புறத்திலும் கேமரா வைக்கவேண்டுமாம்! நம் தமிழ்நாட்டில் கைதானவர்களில் எத்தனை பேர் கழிவறையிலே வழுக்கி விழுந்து, கையிலே மாவுக்கட்டுடன் நீதிமன்றம் வந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு வரியின் அருமை விளங்கும். வழுக்குவது எப்போதும் கைதியே. ஏட்டையா வழுக்கி விழுந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

நல்ல ஆணைதான். ஆனால் ஆணை வேறு, ஹார்டு டிஸ்க் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 22 கிகாபைட் ஆகும். பத்துக் கேமராவுக்கு 216 கிகாபைட். 1 டெராபைட் டிஸ்க் ஐந்து நாட்களில் நிரம்பிவிடும். ஆறாம் நாள் முதல் நாளின் மீது எழுதத் தொடங்கும். ஓர் ஆண்டுப் பதிவைக் காக்க ஏறக்குறைய 79 டெராபைட் வேண்டும். ஆகவே, கேமரா மாட்டியாகிவிட்டது என்று அமைச்சரோ அதிகாரியோ புள்ளி விவரம் வாசிக்கும்போது கைதட்டாதீர்கள். எத்தனை நாள் காக்கும் என்று கேளுங்கள். அழிப்பது இங்கே தனிச் செயலன்று. சும்மா இருந்தாலே அழிந்துவிடும். காப்பதுதான் செயல். எட்டு மாதங்கள் கழித்து அந்த அம்மையார் கேட்டபோது, ஆணைப்படி பதிவு இருந்திருக்கவேண்டும். ஆனால் இல்லை என்று பதில் வந்தது.

இந்த நிலை ஒரு மாநிலத்தோடு நிற்கவில்லை. இராசத்தானத்தில் ஏழெட்டு மாதங்களில் 11 பேர் காவலில் மாண்டனர் என்ற பத்திரிகைச் செய்தியைக் கண்டு, 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றமே தானாக இந்த விவகாரத்தை மீண்டும் கையிலெடுத்தது. ஐந்தாண்டுக்கு முன் இட்ட ஆணை என்னவாயிற்று என்று ஆணையிட்டவர்களே கேட்கவேண்டிய நிலை!

சாத்தான்குளம் நிகழ்ந்தபோது ஓர் ஆட்சி. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், கோயில் காவலாளி அசித்குமார் நகைத் திருட்டுப் புகாரொன்றில் விசாரணை என்ற பெயரால் அடித்துக் கொல்லப்பட்டபோது மற்றோர் ஆட்சி. ஆட்சிகள் இரண்டு, லத்தி ஒன்றே. இதைக் கூறும்போது நம்மில் சிலருக்கு முகம் சுளிக்கும். நமக்கு வேண்டியவர் ஆளும்போது நடந்தால் அது தனி நிகழ்ச்சி, வேண்டாதவர் ஆளும்போது நடந்தால் அது காட்டாட்சி என்று பேசப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு இந்தப் பணியில் இறங்க முடியாது.

மடப்புரத்தில் உண்மையை வெளிக்கொணர்ந்தது எது? கோயில் ஊழியர் ஒருவர் மறைந்து நின்று, சன்னல் வழியாகத் தம் கைபேசியில் எடுத்த சில நொடிப் படம். அது மதுரையில் உயர்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அந்தச் சில நொடிகள் இல்லாதிருப்பின், அசித்குமாரும் வழுக்கி விழுந்தவர் பட்டியலில் சேர்ந்திருக்க மாட்டாரா?

மதுரை என்றதும் தமிழருக்குக் கண்ணகி நினைவு வரும். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பினான் பாண்டியன். கோவலன் தலை வீழ்ந்தது. கண்ணகி அழுதுவிட்டு மட்டும் போகவில்லை. அவையோர் அனைவரும் காணச் சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பிலே முத்து. இவள் சிலம்பிலே மாணிக்கம். தடயத்தை மன்றத்தில் வைத்துச் சோதித்துக் காட்டியவள் அவள். படத்துக்கும் அந்தச் சோதனை உண்டு. அதை நாம் கற்றுக்கொள்ளவேண்டும். ஏன் என்பதற்கு என் பிழையையே கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே ஊரில் ஒரு தெருமுனைக் கூட்டம். என் கைபேசிக்கு வந்த ஒரு படத்தைத் திரையிலே காட்டி, "பாரீர், நம் மாவட்டத்துக் கொடுமையை!" என்று முழங்கினேன். கூட்டம் கொதித்தது. அப்போது ஒரு தோழியர் எழுந்தார். பஞ்சாலையில் நூலின் குறை பார்க்கும் வேலையில் இருப்பவர். இழை எங்கே மெலிகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். "அண்ணே, பின்னாடி போற பஸ்ஸு நம்ம பக்கத்து பஸ்ஸு இல்லையே. நம்பர் பலகையில டி.என். இல்ல. கடைப் பலகையில தமிழும் இல்லையே" என்றார். மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். அவர் கூறியதே சரி. அது வேறு மாநிலத்துப் படம். பல ஆண்டுகளுக்கு முந்தையதும்கூட. மேடையிலேயே மன்னிப்புக் கேட்டேன். ஆனால், அதற்குள் அந்தப் படம் எத்தனை பேருக்குச் சென்றிருக்கும்? அடுத்த முறை மெய்யான படமொன்றை நாம் காட்டும்போது, "போன தடவ காட்டினது மாதிரிதானே?" என்று எவரேனும் கேட்டால், நாம் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? பொய்ப்படம் ஒன்றைப் பரப்புகிறவன், லத்தி பிடித்த கைக்கே உதவுகிறான்.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பாரதிய சாட்சிய அதினியம் என்று பெயர். பெயர் நம் நாவில் நுழையாது. பிரிவுகள் மட்டும் நம் கழுத்தில் நுழையும். ஆகவே தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதன் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதனுடன் ஒரு சான்றிதழ் வேண்டும். முதற் பகுதி, கருவிக்குப் பொறுப்பானவர் தருவது. இரண்டாம் பகுதி, நிபுணர் தருவது. அதில் ஹாஷ் மதிப்பு என்ற ஒன்றைக் குறிக்கவேண்டும். அஞ்சவேண்டா, எளிய செய்திதான். ஒரு படக் கோப்பைக் கணிப்பொறியில் இட்டு, குறிப்பிட்டதொரு கணக்கு முறையில் வடித்தால், ஒரு வரி எழுத்தும் எண்ணும் கிடைக்கும். எஸ்.எச்.ஏ. 256 என்ற முறையில் அது 64 குறிகள் கொண்டது. கோப்புக்குக் கைரேகை போன்றது என்று கொள்ளுங்கள். படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும், ஒரு நொடியை வெட்டினாலும் அந்த வரி முற்றிலும் மாறிவிடும்.

ஒன்றை மட்டும் மயங்காதீர்கள். ரேகை எடுத்த பின் மாறவில்லை என்பதற்குத்தான் அது சான்று. எடுப்பதற்கு முன்பே வெட்டி ஒட்டியிருந்தால், அந்த வெட்டுக்கும் ஒட்டுக்கும் சேர்த்தே ரேகை விழும். ஆகவேதான், படம் எடுத்த முதல் மணி நேரத்திலேயே செய்யவேண்டியவற்றைச் செய்யவேண்டும். எடுத்த கைபேசியை விற்கக்கூடாது, அழிக்கக்கூடாது. வாட்சாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்குகிறது; எப்போது எடுத்தது என்பது முதலான உட்குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. மூலக் கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவில் படியெடுத்து, ரேகையைத் தாளில் எழுதி, இருவர் கையொப்பமிட்டுத் தேதி போட்டு வையுங்கள். எவரிடமிருந்து எவர் கைக்குச் சென்றது என்பதையும் குறித்து வையுங்கள். மளிகைக் கடையில் பற்று வரவு எழுதத் தெரிந்தவர்கள்தானே நாம்!

நேற்று அந்த அம்மையாருக்கு நான் கூறிய விடையும் இதுதான். படம் பயனற்றது அன்று. ஆனால் அது தனியாக நிற்காது. பையனை அழைத்து வாருங்கள், அவனே மன்றத்தில் நின்று கூறட்டும். கைபேசியை வாங்கியவரைத் தேடுங்கள். அந்தத் தெருவில் அன்றிரவு கேமரா வைத்திருந்த கடைக்காரரைக் கேளுங்கள் என்றேன். "கடக்காரரு பயப்படுவாரேய்யா" என்றார். பயப்படுவார்தான். அங்கேதான் கட்சி என்று ஒன்று தேவைப்படுகிறது.

இனி, தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். போலீசார் எடுக்கும் படம் யாருக்குச் சொந்தம்? பாரதிய நாகரிக் சுரட்சா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, வீட்டைச் சோதனையிடும்போது படம் எடுத்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்பவேண்டும் என்கிறது. ஏழையின் வீட்டுப் பானையைக் கவிழ்த்தால் படம் நடுவரிடம் செல்லும். காவல் நிலையத்துக்குள் அந்த ஏழையையே கவிழ்த்தால் படம் அங்கேயே, கவிழ்த்தவர் பொறுப்பிலேயே இருக்கும்! உச்சநீதிமன்ற ஆணைப்படி பதிவுக்குப் பொறுப்பாளர் நிலைய அதிகாரிதான். திருட்டுப் பழி வந்த கணக்குப் பிள்ளையிடமே சாவியைக் கொடுத்து வைக்கும் வணிகர் எவரேனும் இந்தக் கடைவீதியில் உண்டோ? பதிவின் ஒரு படி, அன்றாடம் நிலையத்துக்கு வெளியே, நீதித்துறையின் பொறுப்பில் சென்று சேரவேண்டும். அதன் ரேகை அன்றாடம் எவரும் காண வெளியிடப்படவேண்டும். படத்தையே ஊருக்குக் காட்டவேண்டும் என்பதில்லை. ரேகை வெளியே இருந்தால் உள்ளே எவரும் கைவைக்க முடியாது.

படம் மக்களுக்கு எப்போது கிடைக்கவேண்டும்? அமெரிக்காவில் சிக்காகோ நகரின் அனுபவம் நமக்குப் பாடமாகும். 2014 அக்டோபர் 20ஆம் நாள் இலாக்குவான் மெக்டொனால்டு என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞனை ஒரு போலீசுக்காரர் 16 முறை சுட்டார். பையன் தாக்க வந்தான் என்றனர். போலீசு வண்டியிலிருந்த கேமராவோ, அவன் விலகி நடந்துசெல்வதைப் பதிவு செய்திருந்தது. ஓராண்டுக்கும் மேலாக அந்தப் படத்தைப் பூட்டி வைத்தது நகர ஆட்சி. பத்திரிகையாளர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டப்படி வழக்காடினார், நீதிபதி உத்தரவிட்டார், 2015 நவம்பரில் படம் வெளியாயிற்று. சுட்டவர் 2018இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அதன்பின், இத்தகைய நிகழ்ச்சிகளின் படங்களை 60 நாட்களுக்குள் பொதுமக்கள் காண வெளியிடுவது என்ற விதியை அந்த நகரம் வகுத்துக்கொண்டது. அங்கே முடியுமெனில் இங்கே ஏன் முடியாது?

"எல்லாப் படத்தையும் வெளியிட்டால் புகார் கொடுக்க வரும் பெண்ணின் மானம் என்னாவது?" என்று கேட்பர். நியாயமான கேள்வி; இதைக் கேட்பவரைப் பகைவராக எண்ணாதீர்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது குற்றம் என்று சட்டமே கூறுகிறது. குழந்தைகளுக்கும் அந்தக் காப்பு வேண்டும். முகத்தை மறைத்து, குரலை மாற்றி வெளியிட வழி உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவும், மறைக்கவேண்டிய பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதைக் கொடு என்றுதான் கூறுகிறது. ஆனால் ஒன்று. கைதானவன் முட்டியிட்டு நிற்கும் படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும்போது வராத மான உணர்ச்சி, அடித்தவரின் படத்தைக் கேட்கும்போது மட்டும் பொங்கி எழுவானேன்?

இப்போது வேலைக்கு வருவோம். உச்சநீதிமன்றத்தின் ஆணையில் மாவட்ட மேற்பார்வைக் குழு என்று ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அதில் இடம் பெறுவர். கேமராக்கள் இயங்குகின்றனவா என்று பார்ப்பதும், புகார் வராத கொடுமை ஏதும் நிகழ்ந்துள்ளதா என்று பதிவுகளைப் பார்வையிடுவதும், மாதந்தோறும் அறிக்கை அனுப்புவதும் அதன் கடமை. காவல் நிலையங்களில் அறிவிப்புப் பலகை வைக்கவேண்டும். இங்கே கேமரா உண்டு, உரிமை மீறப்பட்டால் மனித உரிமை ஆணையத்திடமோ, மனித உரிமை நீதிமன்றத்திடமோ, காவல் கண்காணிப்பாளரிடமோ முறையிடலாம், பதிவைக் காக்கும்படி கோரப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கவேண்டும். உங்கள் ஊர் நிலையத்தில் அந்தப் பலகை இருக்கிறதா? எழுத்து படிக்கும்படி இருக்கிறதா? பார்த்து வந்து கூறுங்கள். நான் எந்த நிலையத்தின் மீதும் குற்றம் சாட்டவில்லை, கேட்கத்தான் சொல்லுகிறேன்.

எவரேனும் கொண்டுசெல்லப்பட்டார் என்று செய்தி வந்தால், வழக்கறிஞரைத் தேடும் அதே வேளையில், பதிவைக் காக்கும்படி கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். எட்டு மாதம் கழித்தன்று, அன்றே. தகவல் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒருவரது உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய தகவலை 48 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது. விசாரணைக்கு இடையூறு என்று மறுக்கலாம், மறுக்கட்டும். ஆனால், மனு வந்துசேர்ந்த பின் கேட்ட தகவலை அழித்தால், 20ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரை, அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்க இடமுண்டு. சிறு தொகைதான். ஆனால் அழிப்பவரின் கையைச் சற்று நேரம் தயங்க வைக்கும்.

அதோ அந்த மேசையில் மனுப் படிவங்கள் இருக்கின்றன. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டங்களின் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஒன்று. கேட்டிருப்பவை ஐந்தே: எத்தனை கேமரா, ஒலி பதிவாகிறதா, எத்தனை நாள் பதிவு காக்கப்படுகிறது, கடந்த ஓராண்டில் பழுதான நாட்கள் எவை, மேற்பார்வைக் குழுவின் மாத அறிக்கைகளின் படி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டவேண்டும்; வில்லைகள் வாங்கி வைத்திருக்கிறோம். கையெழுத்து உங்களுடையதாக இருக்கவேண்டும், முகவரி மெய்யானதாக இருக்கவேண்டும். பதில் முப்பது நாட்களில் வரும். வந்ததும் உறையோடு கொண்டுவாருங்கள். தபால் முத்திரையில் உள்ள தேதியும் நமக்கு வேண்டும்.